பசூபியோவின் 52 சுரங்கப் பாதை: கோட்டை மலை ஏறும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு மதிப்பீடு

ஞாயிறு விடியற்காலை ராயக்கோட்டை துர்கம் ஏறி, வெயில் ஏறுவதற்குள் இறங்கி வந்து டீ குடிக்கிறவர்கள் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி மூன்று ஊரிலும் உண்டு. வேலை நிமித்தமாகவோ சுற்றுலாவாகவோ ஐரோப்பா போகும் வாய்ப்பு அவர்களுக்கு வந்தால், ஆல்ப்ஸில் ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், எங்கே நடப்பது? பசூபியோவுக்குப் போங்கள். வடகிழக்கு இத்தாலியில், விச்சென்சா மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் நிற்கும் மலை அது. அதன் தெற்குப் பக்கத்தில் 1917இல் ராணுவத்தினர் வெட்டிய கோவேறு கழுதைப் பாதைக்கு 'ஸ்த்ராதா தெல்லே சிங்க்வாந்தாதூவே காலெரியே' என்று பெயர். 52 சுரங்கங்களின் சாலை என்று பொருள். கயிறு, கொக்கி எதுவும் வேண்டாம். நுழைவுச் சீட்டும் கிடையாது. ஆனால் 'வெறும் நடைதானே' என்று கிளம்பினால் இந்தப் பாதை மூன்று இடங்களில் ஆளைக் கவிழ்க்கும்: இருட்டில், ஈரத்தில், இறக்கத்தில். நம் ஊர் மலைகள் இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் பழக்கம் கொடுக்கின்றன.

பாதை ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டு நடந்தால் அதன் ஒவ்வொரு திருப்பத்துக்கும் காரணம் புரியும். முதல் உலகப் போரில், 1916 நடுப்பகுதியிலிருந்து, பசூபியோ உச்சியில் இத்தாலியப் படையும் ஆஸ்திரியப் படையும் கூப்பிடு தூரத்தில் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டன. கீழேயிருந்து சோறும் குண்டும் போக இருந்த சாலை ஸ்காருப்பி. அது ஆஸ்திரிய பீரங்கியின் பார்வையில் இருந்தது. குளிர்காலத்தில் பனிச்சரிவு வேறு. அதனால் எதிரிக்குத் தெரியாத பக்கத்தில், செங்குத்துப் பாறைக்குள்ளேயே புகுந்து புறப்படும் இன்னொரு வழி வேண்டியிருந்தது. 33ஆம் சுரங்கப் படைப்பிரிவு 1917 பிப்ரவரியில் வேலையைத் தொடங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள் முடித்தது. திட்டத்தை வகுத்தவர்களில் முக்கியமானவர் லெப்டினன்ட் ஜுசெப்பே சாப்பா. மொத்த நீளம் 6,555 மீட்டர். அதில் ஏறத்தாழ 2,300 மீட்டர் மலையின் வயிற்றுக்குள் போகிறது. சுமை ஏற்றிய கோவேறு கழுதைகள் போக வேண்டும் என்பதால் குறைந்தபட்ச அகலம் 2.2 மீட்டர். சராசரி ஏற்றம் நூறு மீட்டருக்கு 12 மீட்டர். சில துண்டுகளில் 22 வரை போகும்.

இந்தக் கணக்கில்தான் நம் கோட்டைகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. ராயக்கோட்டையும் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் யாரும் எளிதில் ஏறிவிடக் கூடாது என்று கட்டப்பட்டவை. படிகள் உயரம் மாறி மாறி இருக்கும், வழி திடீரென்று பாறையில் முடியும். அப்படியும் திப்புவோடு நடந்த போரில், ராயக்கோட்டை 1791 ஜூலையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் கௌடியிடம் விழுந்தது. கிருஷ்ணகிரியில் அதே ஆண்டு நவம்பர் 7 இரவு கம்பெனியின் இன்னொரு தளபதி மேக்ஸ்வெல்லின் ஆட்கள் அடிவாரப் பேட்டையைப் பிடித்தும் மேல்கோட்டையைத் தொட முடியாமல் திரும்பினார்கள். பசூபியோ பாதையோ மேலே இருப்பவர்களுக்குத் தினமும் சோறு போய்ச் சேர வேண்டும் என்று வெட்டியது. ஆகையால் ஏற்றம் சீராக இருக்கும், மூச்சு முட்டாது. ராயக்கோட்டையில் நாற்பது நிமிடம் மூச்சு வாங்கி ஏறுகிறவருக்கு இங்கே மூன்று மணி நேரம் ஒரே வேகத்தில் நடப்பது சிரமமே இல்லை. சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது.

தொடக்கம் பொக்கெத்தா கம்பீல்யா என்ற கணவாய், கடல் மட்டத்திலிருந்து 1,216 மீட்டர். கார் நிறுத்துமிடத்துக்குக் கட்டணம் உண்டு; இயந்திரத்தில் கட்டி, சீட்டை முன்கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். கோடை சனி ஞாயிறுகளில் எட்டு மணிக்குள் இடம் நிறைந்துவிடும். இடம் கிடைக்காவிட்டால் கீழே சோமோ கணவாயில் (1,058 மீட்டர்) விட்டுவிட்டு மேலும் 160 மீட்டர் ஏறி வர வேண்டியதுதான். அதைக் கணக்கில் சேர்க்காமல் வந்து, மாலையில் அந்தக் கடைசி இறக்கத்தில் முட்டி வலியோடு நிற்பவர்கள் அதிகம். கல் வளைவைத் தாண்டினால் கொஞ்சம் வளைந்து வளைந்து ஏற்றம். பிறகு முதல் சுரங்கம். ஒவ்வொரு வாயிலிலும் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். அந்த எண்தான் உங்கள் மைல்கல். தொலைந்தாலும் விழுந்தாலும் 'இத்தனையாவது சுரங்கத்துக்கு அருகே' என்று சொன்னால் போதும், தேடி வருகிறவர்களுக்கு இடம் தெரிந்துவிடும். ஆகவே நுழையும்போதெல்லாம் எண்ணைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

பதினெட்டு வரை பெரும்பாலும் குட்டிச் சுரங்கங்கள். நுழைந்த உடனே மறுமுனையின் வெளிச்சம் தெரியும், பக்கச் சுவரில் ஜன்னல் போல ஓட்டைகள் இருக்கும். இங்கேதான் பலர் டார்ச்சைப் பைக்குள் திரும்ப வைக்கிறார்கள். வைக்காதீர்கள். பத்தொன்பதாவது 318 மீட்டர், பாதையிலேயே நீளமானது. உள்ளே வளைந்து வளைந்து ஏறுகிறது. நடுவில் நிற்கும்போது முன்னும் பின்னும் ஒளி கிடையாது, காலடியில் தண்ணீர் கசிந்த கல். அடுத்தது இருபது. அதற்காகவே இங்கே வரலாம். தனியே கோபுரம் போல நிற்கும் பாறை ஒன்றின் உள்ளே, திருகாணி மாதிரி சுற்றிச் சுற்றி ஏறி மேலே வெளிவருகிறது பாதை. நூறு ஆண்டுக்கு முன், துளையிடும் கருவியும் வெடிமருந்தும் மட்டும் வைத்துக்கொண்டு, சுற்று ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழும்படி அளந்து வெட்டியிருக்கிறார்கள். சுவரில் கை வைத்துப் பார்த்தால் துளையிட்ட தடம் அரை வட்டமாக ஓடுவது தெரியும். நம் பக்கத்துக் குவாரிகளில் பாறை பிளந்த முகத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தத் தடத்தை இனம் காண ஒரு நொடி போதும்.

இருட்டுக்கு வருவோம். தேவை ஆளுக்கு ஒரு ஹெட்லேம்ப், 200 லூமென் போதும், புது பேட்டரி, மாற்று பேட்டரி ஒரு செட். மொபைல் வெளிச்சத்தை நம்பிப் போவது தவறு. காரணம் மூன்று. ஒரு கை அதற்கே போய்விடும். தடுமாறினால் சுவரைப் பிடிக்கக் கை இருக்காது. குளிரில் பேட்டரி நினைத்ததைவிட வேகமாக இறங்கும். ஈரக் கையிலிருந்து நழுவினால் வெளிச்சமும் போச்சு, உதவிக்கு அழைக்கும் வழியும் போச்சு. நால்வருக்கு ஒரு டார்ச் என்ற கணக்கும் உதவாது. முன்னால் போகிறவரின் வெளிச்சம் அவர் உடம்பிலேயே மறைந்துவிடும். பின்னால் வருகிறவர் அவருடைய நிழலில்தான் கால் வைக்கிறார்.

இதைவிட ஆபத்தானது சுரங்கத்தின் வாசல். நூறு மீட்டர் இருட்டில் நடந்து சட்டென்று வெயிலுக்கு வெளியே வரும்போது கண் சில நொடிகள் எதையும் சரியாகப் பார்க்காது. பல வாசல்களில் இரண்டு மூன்று அடி தாண்டினால் ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. எல்லா இடத்திலும் கம்பியோ கைப்பிடியோ இல்லை. வாசலுக்கு உள்ளேயே நின்று, பத்து வரை எண்ணி, பிறகு கால் எடுத்து வையுங்கள். உள்ளே போகும்போதும் அப்படியே. வாசலில் நின்று போட்டோ எடுப்பவரைச் சுற்றிப் போக விளிம்புப் பக்கம் விலகாதீர்கள். அவர் எடுத்து முடிக்கட்டும். எதிரே ஆள் வந்தால் மலைச் சுவர்ப் பக்கம் ஒதுங்கி நின்று வழி விடுங்கள். சைக்கிளுக்கு இந்தப் பாதையில் தடை. விழுந்து இறந்தவர்கள் உண்டு என்பதால் வந்த தடை அது.

ஹெல்மெட் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும். கூரை தாழ்ந்து, சமமில்லாமல், முனை நீட்டி இருக்கும். ஹெட்லேம்ப் வெளிச்சம் தரையில் இருக்கும்போது தலைக்கு மேலே பார்ப்பதில்லை. இன்னொரு காரணம், மேலே போகிறவர்களும் மலையாடுகளும் தட்டிவிடும் கற்கள். கிருஷ்ணகிரியில் மேக்ஸ்வெல்லின் ஏணிகள் நிற்காமல் போனதற்கு மேலிருந்து உருண்டு வந்த கற்கள் ஒரு காரணம். உயரத்திலிருந்து வரும் சின்னக் கல்லுக்கும் அதே வேகம்தான். பைக் ஹெல்மெட் கொண்டு போகாதீர்கள், பாரமும் வியர்வையும் தாங்காது. மலையேற்ற ஹெல்மெட் அல்லது சைக்கிள் ஹெல்மெட் போதும்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊர் அனுபவம் தவறாக வழிகாட்டும். கோட்டை மலைகளில் எவ்வளவு உயரம் போனாலும் ஒரு சுனை இருக்கும். கருங்கல் தண்ணீரை உள்ளே விடாது. பள்ளத்தில் விழுந்த மழை அங்கேயே நிற்கும். ஆட்களை மேலே வைத்துக் கோட்டை காத்ததே அந்தச் சுனைகளை நம்பித்தான். பசூபியோ சுண்ணாம்புப் பாறை வகை, தோலமைட். பெய்த மழை விரிசல்களில் இறங்கி மலைக்குள்ளேயே போய்விடுகிறது. மேலே ஊற்றும் கிடையாது, ஓடையும் கிடையாது. அதே மழைதான் சுரங்கக் கூரையிலிருந்து உங்கள் கழுத்தில் சொட்டுகிறது. ஆளுக்கு 2 லிட்டர் கீழேயிருந்தே சுமக்க வேண்டும், ஆகஸ்டில் இரண்டரை. சொட்டும் தண்ணீரைப் பிடித்துக் குடிக்க வேண்டாம்.

ஷூ. காய்ந்த கருங்கல் பாறை சொரசொரப்பானது. ராயக்கோட்டைச் சரிவில் ரப்பர் செருப்பு கூட நன்றாகப் பிடிக்கும். அந்த நம்பிக்கையை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஈரமான சுண்ணாம்புக்கல், அதுவும் நூறு ஆண்டாகக் கால் பட்டு வழவழத்தது, சோப்பு போட்ட தரை மாதிரி. இடையிடையே உதிரிச் சரளை, முக்கால் இஞ்சு ஜல்லியைக் கொட்டிப் பரப்பாமல் விட்ட ரோடு போல. பள்ளம் ஆழமான, மென்மையான ரப்பர் அடி வேண்டும். விப்ரம் என்ற மஞ்சள் முத்திரை கொண்ட அடிப்பாகம் இந்த வேலைக்காகவே பிறந்தது. 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் ஆறு பேர் தகுந்த காலணி இல்லாமல் புயலில் மாட்டி இறந்த பிறகு, விதாலே பிரமானி என்ற மலையேறி உருவாக்கி 1937இல் காப்புரிமை பெற்றது. எந்த பிராண்ட் ஷூவாக இருந்தாலும் அடியைப் பாருங்கள். அளவு வாங்கும்போது, தடித்த சாக்ஸ் போட்டு, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளந்து, விரல் நுனிக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் விடுங்கள். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். புது ஷூவைப் பெட்டியோடு விமானத்தில் ஏற்றாதீர்கள். ஊரில் குறைந்தது 60 கிலோமீட்டர் நடந்து பழக்குங்கள்.

மேலே போய்ச் சேர மூன்று மணி நேரம், நிதானமாகப் பார்த்துப் போனால் மூன்றரை. பாதை கடைசிச் சுரங்கங்களுக்கு அருகே ஏறத்தாழ 2,000 மீட்டரைத் தொட்டுவிட்டு, பசூபியோ வாயில் எனப்படும் இடத்துக்குக் கொஞ்சம் இறங்குகிறது. 1,928 மீட்டரில் 'ரிஃபூஜியோ அக்கீல்லே பாபா' என்ற மலை விடுதி. போர்க்காலத்தில் இந்த இடத்தில் பாறையோடு ஒட்டிக் கொட்டகைகள் நெருக்கமாக நின்றதால் வீரர்கள் இதைச் சின்ன மிலான் என்று அழைத்தார்கள். இத்தாலிய ஆல்பைன் சங்கத்தின் ஸ்கியோ கிளைக்குச் சொந்தமான விடுதி. கோடையில் முழு நேரமும் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் போகும் முன் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம், முக்கியமாக நம் ஆட்களின் வாயை வைத்துச் சொன்னால். பொலெந்தா என்று தட்டில் வருவது மக்காச்சோள மாவுக் களி. ராகிக் களி தின்று வளர்ந்த கிருஷ்ணகிரி தருமபுரிக்காரருக்கு அதன் பதம், கிண்டிய பக்குவம், வயிற்றில் நிற்கும் நேரம் எல்லாம் பழகினதுதான். கீரைக் கடைசலுக்குப் பதில் உருக்கிய சீஸும் காளானும். சைவக்காரர்கள் 'சென்சா கார்னே' என்று சொல்ல வேண்டும், கறி இல்லாமல் என்று பொருள். அதோடு நிறுத்தினால் போதாது. காய்கறி சூப் என்று வருவதில் அடிநீர் மாட்டுக்கறி வேகவைத்ததாக இருக்கலாம். 'ப்ரோதோ' என்ற சொல் காதில் விழுந்தால் எதனால் செய்தது என்று கேளுங்கள். பார்மெசான் வகைச் சீஸ்களில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள் சேரும், அது வேண்டாதவர்கள் துருவிப் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடலாம். கையில் ரொக்கம் வைத்திருங்கள்; மலைமேல் கார்டு இயந்திரத்துக்கு சிக்னல் எப்போதும் இருக்கும் என்று நம்பக் கூடாது. இரவு தங்குவதென்றால் முன்பதிவு கட்டாயம். படுக்கைக்குள் நுழைய உங்களுடைய துணிப்பை-விரிப்பு வேண்டும் (அங்கே 'சாக்கோ லென்சுவோலோ' என்பார்கள்). இரண்டு வேட்டியை மடித்து இரண்டு பக்கம் தைத்தாலே அது தயார். ஷூவை வாசலிலேயே கழற்றுவது அங்கேயும் வழக்கம்.

குறை சொல்லத்தான் வேண்டும் என்றால், வழியில் கழிப்பறை கிடையாது, தகவல் பலகைகளில் இத்தாலிய மொழிக்கே முதலிடம். திசைப் பலகைகள் ஒழுங்காக இருக்கின்றன: சிவப்பு வெள்ளைப் பட்டைகள், சுரங்கப் பாதைக்கு 366, ஸ்காருப்பிச் சாலைக்கு 370. இந்த இரண்டு எண்ணும் மனதில் இருந்தால் மொழி தெரியாமலே போய் வரலாம்.

இறங்குவது ஸ்காருப்பி வழியாகத்தான். 52 சுரங்கத்தையும் திரும்ப ஒருமுறை பார்க்கலாமே என்று தோன்றும், வேண்டாம். ஏறும்போது ஈரக் கல்லில் வழுக்கினால் முழங்கால் தரையில் படும். இறங்கும்போது வழுக்கினால் முதுகும் பின்தலையும் படும், அதுவும் இருட்டில், அதுவும் எதிரே ஏறி வரும் கூட்டத்தின் நடுவில். ஸ்காருப்பி நீளமானது, ஏறத்தாழ 10 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். ஆனால் அகலமான சரளைச் சாலை, நல்ல வெளிச்சம் உண்டு, கையால் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டிய இடம் எதுவும் இல்லை. வளைவுகளை வெட்டிக்கொண்டு குறுக்குத் தடங்கள் இறங்கும். முதல் குறுக்குத் தடம் ஆசையாக இருக்கும், ஐந்தாவதில் தொடை நடுங்க ஆரம்பிக்கும். மழை பெய்தால் அவை ஓடையாகிவிடும். சாலையிலேயே நடங்கள். ட்ரெக்கிங் கம்பு இங்கேதான் பயன். சுரங்கத்தில் அதை மடக்கிப் பையில் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கூரையிலும் பின்னால் வருகிறவரின் முட்டியிலும் இடிக்கும். சமதளத்தில் முழங்கை செங்கோணமாக மடங்கும் உயரத்தைவிட, ஏற்றத்தில் ஐந்தாறு சென்டிமீட்டர் குறைவாகவும், இறக்கத்தில் ஐந்தாறு சென்டிமீட்டர் கூடுதலாகவும் கம்பை வைத்துக்கொள்ளுங்கள்.

கால்களில் தெம்பும் நேரமும் மிச்சம் இருந்தால், விடுதியிலிருந்து மேலே போய் பாலோன் உச்சியை (2,232 மீட்டர்) தொட்டு வரலாம். பெயரைப் பலகையில் சரியாகப் பாருங்கள். அதற்கு வடக்கே இரண்டு பாறைத் திட்டுகள் எதிரெதிரே நிற்கின்றன, இத்தாலியப் பல், ஆஸ்திரியப் பல் என்று பெயர். 1918 மார்ச் 13 அன்று ஆஸ்திரியர்கள் அடியில் சுரங்கம் தோண்டி 50 டன் வெடிமருந்து வைத்து இத்தாலியப் பல்லைத் தகர்த்தார்கள். உடைந்து சரிந்த கற்குவியல் இன்னும் அப்படியே கிடக்கிறது. இத்தாலி இந்தப் பகுதியைப் புனித மண்டலமாக அறிவித்திருக்கிறது. துருப்பிடித்த இரும்பு எதுவாக இருந்தாலும் தொடக் கூடாது, எடுக்கவும் கூடாது. வெடிக்காத குண்டுகள் மலையில் இன்னும் இருக்கின்றன. இந்தக் கூடுதல் சுற்றுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும், பகல் ஒரு மணிக்கு மேல் ஆகியிருந்தால் விட்டுவிடுங்கள்.

காரணம் இடிமழை. ஜூலை, ஆகஸ்டில் காலையில் வானம் துடைத்த மாதிரி இருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் குவிந்து மாலைக்குள் இடிக்கும். விச்சென்சா அடங்கிய வெனெத்தோ மாநிலத்தின் சுற்றுச்சூழல் நிறுவனமான 'ஆர்பாவ்' மலைக்கென்று தனி வானிலை அறிக்கை வெளியிடுகிறது. முந்தின இரவு அதைப் பார்த்துவிட்டு, ஏழு மணிக்கு முதல் சுரங்கத்தில் இருங்கள். இடி விழும்போது சுரங்க வாயில் ஒதுங்க ஏற்ற இடம் போலத் தெரியும். அது தவறான இடம்: பாறை முகத்தில் இறங்கும் மின்சாரம் வாய்ப்பகுதியைத் தாண்டிப் பாயும். நன்றாக உள்ளே போய், சுவரைத் தொடாமல், பையின் மேல் குந்தியிருங்கள்.

குளிர் கணக்கு எளிது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி இறங்கும். கீழே ஸ்கியோ ஊரில் 30 டிகிரி வெயில் அடிக்கும் நாளில் விடுதி வாசலில் 19, 20 இருக்கும். மேகம் சூழ்ந்தால் இன்னும் குறையும். வியர்த்த பனியனோடு பத்தொன்பதாம் சுரங்கத்துக்குள் போனால் முதுகு சில்லிட்டு, அடுத்த அரை மணி நேரம் உடம்பு சூடேறாது. பருத்தி பனியன் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். சீக்கிரம் காயும் துணி ஒன்று உடம்பில், மாற்று ஒன்று பிளாஸ்டிக் உறையில், காற்றும் மழையும் தடுக்கும் மேல்சட்டை ஒன்று. மாதம் என்று பார்த்தால் ஜூன் பின்பாதியிலிருந்து செப்டம்பர் வரை. அதற்கு முன்னால் நிழல் மடிப்புகளில் இறுகிய பனி பாதையை மறித்துச் சரிவாகக் கிடக்கும்; அதன்மேல் ஒரு அடி தவறினாலும் நிற்க வழியில்லை. குளிர்காலத்தில் சுரங்கத்துக்குள் பனிக்கட்டித் தூண்களே தொங்கும். ஆகஸ்ட் 15 இத்தாலி முழுக்க விடுமுறை. அந்த வாரம் கூட்டம் தாங்காது. செப்டம்பர் முதல் இரண்டு வார வேலை நாட்கள்தான் நல்ல தேர்வு.

போகும் வழி: பெங்களூரிலிருந்து வெனிஸ் அல்லது மிலான், அங்கிருந்து ரயிலில் விச்சென்சா, கிளை ரயிலில் ஸ்கியோ. அதற்கு மேல் கார்தான் வசதி. வாடகைக் கார் ஓட்ட நம் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஊர் ஆர்டிஓ அலுவலகத்தில் கிடைப்பது, ஓராண்டு செல்லும். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அந்தக் காப்பீட்டில் மலை நடையும் ஹெலிகாப்டர் மீட்பும் சேர்த்தி உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். வெனெத்தோவில் காயமில்லாமல், களைப்புக்காகவோ வழி தவறியோ ஹெலிகாப்டரை வரவழைத்தால் கட்டணம் கேட்பார்கள். அவசர எண் 112. சிக்னல் இல்லாவிட்டால் ஹெட்லேம்பால் நிமிடத்துக்கு ஆறு முறை ஒளி காட்டி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஆறு. ஆல்ப்ஸ் முழுக்க இதுதான் உதவி கேட்கும் குறி. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் ஒளி வந்தால் பார்த்துவிட்டார்கள் என்று பொருள்.

பை கட்டும்போது: ட்ரெக்கிங் கம்பு செக்-இன் பெட்டியில், உபரி லித்தியம் பேட்டரி கைப்பையில். கடலை உருண்டை, பொரிவிளங்காய் உருண்டை நன்றாகத் தாங்கும், மலையில் அதைவிட நல்ல தீனி இல்லை. பால்கோவா, நெய், கறி ஊறுகாய் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுமதி இல்லை. மாம்பழமும் தாவர நலச் சான்று இல்லாமல் போகாது. கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பெட்டி கொண்டு போனால் விமான நிலையத்திலேயே குப்பையில் போட வேண்டிவரும்.

பயிற்சிக்கு எட்டு வாரம் போதும். வாரம் ஒருநாள் ராயக்கோட்டை அல்லது கிருஷ்ணகிரிக் கோட்டை, முதுகில் 6 கிலோ பையோடு, கடைசி மூன்று வாரம் ஒரே காலையில் இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும். தருமபுரிக்காரர்களுக்குத் தீர்த்தமலைப் படிகள் நல்ல மாற்று. அவை தொடைக்கும் முட்டிக்கும். ஆனால் மொத்த நாள் 17 கிலோமீட்டர், ஏற்றம் 780 மீட்டர், அதே அளவு இறக்கம். கோட்டை மலைகள் அந்த நீளத்துக்குப் பழக்காது. அதற்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வத்தல்மலைச் சாலையில் அடிவாரத்திலிருந்து மேலே போய், அதே சாலையில் நடந்தே இறங்குங்கள். மேலே போனதும் பஸ் பிடித்து இறங்கினால் பயிற்சியில் பாதி வீண், ஏனென்றால் பசூபியோவில் ஆட்கள் வலியோடு உட்காருவது ஸ்காருப்பியின் கடைசி மூன்று கிலோமீட்டரில்தான். ஒருநாள் விடிவதற்கு முன் ஹெட்லேம்ப் போட்டுக்கொண்டு நடந்து பழகுங்கள், வெளிச்சத்தை மூன்றடி முன்னால் வைத்துக் கால் வைக்கும் பழக்கம் அதில் வரும். எட்டாவது வாரம் வத்தல்மலை இறங்கி முடித்த மறுநாள் காலை, கைப்பிடியைப் பிடிக்காமல் வீட்டு மாடிப்படி இறங்கிப் பாருங்கள். இறங்க முடிந்தால் சோமோ கணவாயில் காரை விட வேண்டி வந்தாலும் சமாளிக்கலாம்.